ஒரு கணினிக்கு ஒரு வாக்கு

இந்திரகுமார் அண்ணையை நான் முதன்முதலில் பார்த்தது ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், கணினி விற்கும் கடை ஒன்றின் உள்ளே. 2001ஆம் ஆண்டுக் குளிர்காலம். பெரம்பலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பி.ஈ. முடித்து, மேற்படிப்புக்காக ஒஸ்லோ வந்து எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் கணினிக் கடை என்றால் உள்ளே போய் ஒரு பார்வை பார்க்காமல் தாண்ட மாட்டேன்.

அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பேருந்து ஓட்டுநர் சீருடையில், விற்பனைப் பையனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பையன் ஒட்டுப் பிரிக்காத புதுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தான். அவருக்கு அது வேண்டாம். மேசைமேல் காட்சிக்கு ஓடிக்கொண்டிருந்த கணினிதான் வேண்டும். பெட்டிக்குள் இருப்பதும் அதேதான் என்று பையன் நோர்வேஜியன் மொழியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். அவர் தலையை ஆட்டவே இல்லை. என் முகத்தைக் கண்டதும் திரும்பினார்.

"தம்பி, தமிழோ?"

"ஆமாங்க."

"ஆமாங்கவோ. அப்ப இந்தியா. சரி, இவனுக்குச் சொல்லும், நான் ஓடுறதைக் கண்ணாலை பாத்ததைத்தான் வாங்குவன் எண்டு."

சொன்னேன். பலர் தொட்டு அழுக்கான விசைப்பலகையோடு அந்தக் காட்சிக் கணினி அவருக்கே கிடைத்தது. திரையை என் கையில் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் போய் அதை இறக்கி வைப்பதற்குள் நான் என்ன படித்தேன், எந்தச் சாமி, எங்கே தங்கியிருக்கிறேன் என்று எல்லாம் விசாரித்து முடித்திருந்தார். நிலவறை அறை ஒன்று சும்மா கிடந்தது. அந்த வாரமே அவருடைய குடித்தனக்காரன் ஆனேன்.

அவர் மனைவி கனகாம்பிகை அக்கா மழலையர் பள்ளி ஒன்றில் உதவியாளர். மகள் ராகவி உயர்நிலைப் பள்ளி. வீட்டில் இருந்தது அந்த ஒரு கணினிதான். அது முன்னறையில், சோபாவுக்கு நேரெதிரே இருந்தது. யார் எதைப் பார்த்தாலும் மற்றவர்களும் பார்க்கலாம். மகள் இதை ஜனநாயக விரோதம் என்றாள். தகப்பன் இதைக் குடும்பம் என்றார்.

இந்திரகுமார் அண்ணை பகலில் ஒஸ்லோ பேருந்து ஓட்டுவார். மீதி நேரமெல்லாம் தலைவர். யாழ்ப்பாணத்தில் உள்ள அவருடைய ஊர் நாவலம்புலம். அந்த ஊரிலிருந்து நோர்வேக்கு வந்தவர்களின் சங்கம் நாவலம்புலம் மக்கள் ஒன்றியம். நூறு நூற்றிருபது குடும்பம் இருக்கும். ஒன்பது ஆண்டாக அவர்தான் அதன் தலைவர். ஆண்டுக்கொரு முறை லில்லெஸ்ட்ரோமில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். வடையும் தேநீரும் வரும். பிறகு கை உயர்த்தச் சொல்வார்கள். வடை தந்த ஆளுக்கே கை உயரும்.

2003இல் இதில் ஒரு சிக்கல் வந்தது. போர்நிறுத்தக் காலம், பாதை திறந்திருந்தது, சனம் ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஒன்றியம் பணம் சேர்த்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மண்டபம் கட்டியிருந்தது. ஆகஸ்டில் திறப்பு விழா. அந்த நேரத்தில் யார் தலைவரோ அவர்தான் நாடா வெட்டுவார். சுவரில் பதிக்கும் கல்லில் அவர் பெயர் இருக்கும்.

இந்திரகுமார் அண்ணைக்கு அந்தக் கல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கனகாம்பிகை அக்காதான் எனக்குச் சொன்னார். எட்டாம் வகுப்பில் அண்ணை பள்ளி மணியை ஒரு மணிநேரம் முன்னதாக அடித்து முழுப் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். தலைமை ஆசிரியர் மணியடித்த கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துவந்து, மனுசனானால் திரும்பி வா என்று வெளியே விட்டாராம். அவர் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. நோர்வே வந்தார், வீடு வாங்கினார், ஒன்பது ஆண்டு தலைவராக இருந்தார். தான் மனுசனாகிவிட்டதாக அந்தப் பள்ளிக்கூடம் ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் கல்லில். அவர் ஆசை அவ்வளவுதான்.

அதே கல்லில், நாட்டின் மேற்குக் கரையில் பேர்கன் நகரத்தில் குடியிருந்த நாவலம்புலத்தாருக்கும் கண் விழுந்தது. அங்கே மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்த அருளானந்தன் போட்டிக்கு நின்றார். ஒரு கையை உயர்த்துவதற்காக ஒரு பகல் முழுக்க ரயிலில் குந்தியிருக்க முடியாது, இனி வாக்கு இணையத்தில் வேண்டும் என்றார். கேட்டவர்களுக்கு நியாயமாகப் பட்டது. தேர்தல் அதிகாரியாக, ஊரில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சூசைரட்ணம் மாஸ்டரை நியமித்தார்கள். தளத்தை வடிவமைக்க, எந்த ஊர்ப் பகையும் இல்லாத இந்தியத் தம்பி என்று என்னைப் பிடித்தார்கள்.

குடும்பத்துக்கு ஒரு ரகசிய எண் கொடுத்து வாக்களிக்க வைக்கலாம் என்று நான் சொன்னேன். ஒன்றியத்தின் நிர்வாகக் குழு அதை ஒருமனதாக நிராகரித்தது. ரகசிய எண் என்றால் அதை யாராவது ஒருவர் வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவரை நம்பும் இன்னொருவர் குழுவில் இல்லை. கடைசியில் குக்கியை வைத்து ஒரு கணினிக்கு ஒரு வாக்கு என்று முடிவானது. எண்ணிக்கையை உடனுக்குடன் தளத்தில் காட்ட வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். மறைத்தால் சந்தேகம் வருமாம்.

குக்கி என்றால் என்ன என்று இந்திரகுமார் அண்ணை கேட்டார். நாலு ஆண்டு படித்தவன் நான். அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. விளக்கினேன். ஒரு தளத்துக்குப் போகும்போது அந்தத் தளம் உங்கள் உலாவியிடம் ஒரு சின்னத் துண்டு எழுத்தைக் கொடுத்து வைத்திருக்கச் சொல்கிறது. அடுத்த முறை போகும்போது உலாவி அதை நீட்டுகிறது; ஓ, இந்த ஆள்தானா என்று தளம் கண்டுகொள்கிறது. கடைத் தளத்தில் கூடையில் போட்ட பொருள் மறுநாளும் கிடப்பது அதனால்தான். கடவுச்சொல் கேட்காமல் மின்னஞ்சல் திறப்பதும் அதனால்தான். அது நிரலும் இல்லை, வைரஸும் இல்லை. தானாக எழுந்து எதையும் செய்யாது. எங்கள் தளம் வாக்களித்த உலாவிக்கு ஒரு குக்கி கொடுக்கும். அதோடு மறுபடி வந்தால், ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பும்.

அவர் தன் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினார். "விரலிலை பூசுற மை மாதிரி."

அதேதான் என்றேன். மூன்று பக்கம் எழுதி விளக்க வேண்டியதை ஒரே சொல்லில் பிடித்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

"அப்ப தம்பி, அந்த மை அழியுமோ?"

இதற்கும் முழுப் பதிலே சொன்னேன். மேலே கருவிகள் பட்டியல், அதற்குள் இணையத் தேர்வுகள், அதற்குள் குக்கிகளை அழிக்கும் பொத்தான். அவர் கணினி நோர்வேஜியன் மொழியில் இருந்தது. குக்கிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் தகவல் குளிசை, அதாவது தகவல் மாத்திரை, என்று வரும். எந்தக் குளிசையும் விழுங்கின பிறகு திரும்ப எடுக்க ஏலாது, இது எடுக்கலாம் என்பது நல்ல விசயம்தான் என்றார்.

வாக்கெடுப்பு ஒரு ஞாயிறு காலையில் திறந்தது. அன்று மாலை வேலையெல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கனகாம்பிகை அக்கா கணினி முன்னால் வந்து உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்தார். ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள், நன்றி என்று திரை சொன்னது.

"நான் எப்ப போட்டனான்?" என்றார்.

சோபாவிலிருந்து பதில் வந்தது. "வீட்டுக்கு ஒண்டு. அதை நான் காலமையே போட்டிட்டன். நான் போட்டால் நீர் போட்ட மாதிரித்தானே."

"நான் ஆருக்குப் போடுவன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் பத்திரிகையை இறக்கி மனைவியைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வி வரக்கூடும் என்று அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அக்கா எழுந்து போய்விட்டார்.

முதல் ஐந்து நாள் தேர்தல் ஒழுங்காகத்தான் நடந்தது. வாக்கு எண்ணிக்கை நூறைத் தாண்டவில்லை. வியாழக்கிழமை அருளானந்தன் ஏழு வாக்கு முன்னால் இருந்தார். வெள்ளிக்கிழமை இந்திரகுமார் அண்ணை ஓய்வு நாள் எடுத்தார். நான் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வந்தபோது அவர் நாற்பது வாக்கு முன்னால் இருந்தார். அவருடைய ஒற்றை விரல் சிவந்திருந்தது. அழி, திற, போடு. அழி, திற, போடு. பேருந்தில் தரிப்புக்குத் தரிப்பு கதவு திறந்து மூடுகிறவருக்கு அந்தத் தாளம் புதிதல்ல.

ஞாயிறன்று பேர்கன் இருநூறு முன்னால் போனது. அருளானந்தனின் மருமகனும் கணினி படித்தவனாம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. குக்கியை மொத்தமாக அழித்தால் ஒன்றியத்தின் குக்கி மட்டும் போவதில்லை, எல்லாம் போகிறது. அக்காவின் மின்னஞ்சல் இரண்டு ஆண்டாகக் கடவுச்சொல் கேட்காமல் திறந்துகொண்டிருந்தது. திடீரென்று நீங்கள் யார் என்று கேட்டது. கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை; நினைவில் வைக்க வேண்டும் என்றே யாரும் சொல்லவில்லை. ராகவி பள்ளித் தளத்துக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக நுழைய வேண்டியிருந்தது.

"அப்பா, நீங்கள் திரும்பவும் ஸ்லெத்தெ பண்ணிட்டீங்கள்," என்றாள். ஸ்லெத்தெ என்றால் அழிப்பது. "எனக்கு நாளைக்கு இன்லேவரிங் இருக்கு." அது பாடவேலை ஒப்படைப்பு.

"படிப்பு எங்கையும் ஓடாது. தேர்தல் இன்னும் ஒரு கிழமைதான்," என்றார் தகப்பன்.

மகளின் பாடு பொறுக்காமல் ஒரு வழி சொன்னேன். எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. குக்கிகள் கிடக்கும் கோப்புறையைத் திறந்து, எந்தத் தளத்துடையது என்று பெயரைப் பார்த்து, ஒன்றை மட்டும் நீக்கலாம். வீட்டு அமைதிக்காகச் சொன்னது அது. கோப்புறையைத் திறந்து காட்டியதும் அமைதிக்குப் பதில் வேறொன்று வந்தது. ஒன்றியம், மின்னஞ்சல், பள்ளி, தமிழ்ச் செய்தித் தளம் என்று அவருக்குத் தெரிந்த பெயர் ஏழெட்டுதான். அவர் வாழ்நாளில் கேள்விப்படாத பெயர்கள் முந்நூறு இருந்தன.

"இவையள் ஆர்?"

விளம்பர நிறுவனங்கள் என்றேன். நீங்கள் செய்தி படிக்கிற பக்கத்தில் ஓரமாக விளம்பரம் வருகிறதல்லவா, அந்த விளம்பரம் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. அதுவும் தன் பங்குக்கு ஒரு குக்கி வைத்துவிட்டுப் போகும். அடுத்த பக்கத்திலும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், இங்கே வந்த ஆள்தான் அங்கேயும் வந்தார் என்று அதற்குத் தெரியும். உங்கள் பெயர் தெரியாது, போக்குவரத்துத் தெரியும்.

அவர் முகம் இறுகிவிட்டது. ஓரத்தில் நின்றுகொண்டு ஆர் எங்கே போகிறான் என்று பார்க்கிற ஆட்களைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை; அப்படிப்பட்ட தெருக்களிலிருந்து புறப்பட்டு வந்தவர்தான். ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவு என்னவோ, முந்நூறையும் அனுப்பியது பேர்கன் என்பது. உடனே தொலைபேசி எடுத்தார். என் வீட்டுக்குள்ளே ஆள் விட்டிருக்கிறீர் என்று அருளானந்தனிடம் சத்தம் போட்டார். அருளானந்தன் தன் கணினியைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அவரே திருப்பி அழைத்து, ஐந்நூறு பேரை விட்ட நீர் என்னைக் கேட்கிறீரோ என்றார்.

அந்நியத் தளங்களின் குக்கியை வாங்காதே என்று உலாவிக்கே கட்டளை போடலாம் என்று காட்டினேன். அமைப்புகளில் ஒரு நழுவிப் பட்டை இருக்கும். மேலே தள்ளினால் கண்டிப்பு, கீழே இறக்கினால் தாராளம். நடுவில் வையுங்கள் என்றேன். அவர் உச்சிக்குத் தள்ளினார். உச்சி என்றால் எந்தக் குக்கியும் உள்ளே வராது. மின்னஞ்சலுக்குள் யாரும் நுழைய முடியவில்லை. ஒன்றியத் தளத்தின் குக்கியும் வரவில்லை. ஆகவே வாக்களித்த அடையாளமே விழவில்லை. அழிக்கவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், பொத்தானை அமத்திக்கொண்டே இருக்கலாம் என்பதை அவர் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டார்.

இத்தனை நாளில், நிமிடத்துக்கு நிமிடம் மை அழிந்து சுத்தமாக இருந்த அந்தக் கணினியில், நீரும் ஒன்று போடும் என்று அவர் மனைவியைக் கூப்பிடவில்லை. அக்காவும் கேட்கவில்லை. ஒருநாள் நானே கேட்டேன், நீங்களும் போடலாமே அக்கா, வழி திறந்துதானே கிடக்கிறது என்று. "நான் ஒண்டு போடத்தான் வந்தனான் தம்பி. எனக்கு உரியது ஒண்டு. அழிச்சுப் போடுறது எனக்கு எதுக்கு?" என்றுவிட்டுக் கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டார்.

வாக்கெடுப்பு மூடியபோது மொத்த வாக்கு பதினெட்டாயிரத்துச் சொச்சம். நோர்வேயில் இருக்கும் தமிழர் எல்லாரையும் கைக்குழந்தைகளோடு எண்ணினாலும் அத்தனை பேர் தேற மாட்டார்கள். நாவலம்புலத்தில் அன்றுவரை பிறந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்திருந்தாலும் தேறியிருக்காது. இந்திரகுமார் அண்ணை அறுபத்து நாலு வாக்கு வித்தியாசத்தில் முன்னால் இருந்தார். கடும் போட்டிக்குப் பிறகு கிடைத்த நேர்மையான வெற்றி என்று ஓர் அறிக்கையும் எழுதி வைத்திருந்தார். நான்தான் எழுத்துப் பிழை பார்த்தேன்.

லில்லெஸ்ட்ரோம் மண்டபத்தில் கூட்டம். பேர்கன்காரர்கள் சார்பில் அருளானந்தன் ஒரு பகல் முழுக்க ரயிலில் குந்தியிருந்து வந்து சேர்ந்தார். சூசைரட்ணம் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றியத்தின் மீது மக்கள் காட்டிய ஆர்வம் எதிர்பார்ப்பை விஞ்சிவிட்டது என்று தொடங்கினார். பிறகு வேட்பாளர் இருவரையும் எழுப்பி, ஒன்றுக்கு மேல் போட்டீர்களா என்று கேட்டார். இருவரும் நெஞ்சில் கைவைத்து இல்லை என்றார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். எந்த வீட்டு இணைப்பிலிருந்து எத்தனை வாக்கு வந்தது என்று சர்வரைக் கேட்டால் தெரியும், கேட்கட்டுமா என்றேன்.

முதலில் அருளானந்தன் எழுந்தார். ஒற்றுமை முக்கியம் என்றார். இந்திரகுமார் அண்ணை எழுந்து, அவர் சொல்லுறது சரி என்றார். சர்வரைக் கேட்க வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு மண்டபத்தில் இருந்த அத்தனை கையும் உயர்ந்தது, ஒரு கை தவிர.

"கனகாம்பிகை, நீங்கள் ஏன் உயர்த்தேல்லை?" என்று மாஸ்டர் கேட்டார்.

"எனக்குப் பயமில்லை, சேர். நான் ஒரு வோட்டும் போடேல்லை. போடப் போனனான், போட்டாச்சு எண்டு சொல்லிச்சுது."

ஒரு வாக்கும் போடாதவர் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று மாஸ்டர் கேட்டார். இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். மாஸ்டர் எட்டு நிமிடம் பேசினார். அதன் சாரம் இதுதான்: பதினெட்டாயிரத்தையும் தள்ளுபடி செய்கிறேன், மறுபடி தேர்தல் வைக்க ஆகஸ்டுக்குள் நேரமில்லை, கறை படாத ஒருவர் தலைவராக வேண்டும், அப்படி ஒருவர்தான் மண்டபத்தில் இருக்கிறார்.

அருளானந்தன் துள்ளி எழுந்து முன்மொழிந்தார். இந்திரகுமார் அண்ணை நாடா வெட்டாமல் இருக்க, அவர் வீட்டிலேயே ஒரு வழி இருக்கும் என்று அருளானந்தன் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். வழிமொழிய ஆள் வேண்டும். மாஸ்டர் இந்திரகுமார் அண்ணையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மனைவி தலைவராகக் கூடாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் சர்வரைக் கேட்கவேண்டி வரும்.

அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "வழிமொழியிறன்."

"சத்தமாய்ச் சொல்லுங்கோ, இஞ்சை பின்னுக்குக் கேக்கேல்லை," என்றார் கனகாம்பிகை அக்கா.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் அண்ணை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் சன்னலைப் பார்த்துக்கொண்டு. "அண்டைக்கு ஆருக்குப் போட வந்தனீர்?"

"உங்களுக்குத்தான்," என்றார் அக்கா. "இனிக் கேட்டு என்ன."

ஆகஸ்டில் இருவரும் ஊருக்குப் போனார்கள். அக்கா நாடா வெட்டினார். புதிய தலைமை ஆசிரியருக்கு இந்திரகுமார் அண்ணையின் மணிக் கதை தெரியாது. தலைவரின் கணவர் என்று இரண்டாம் வரிசையில் ஒரு கதிரை கொடுத்தார். ஆனாலும் வாசலில் வரவேற்றுத்தான் உள்ளே அழைத்துப் போனார்களாம். கல்லில் "திருமதி கனகாம்பிகை இந்திரகுமார் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது" என்று செதுக்கியிருந்தது. அண்ணை அதைப் பல கோணத்தில் படம் எடுத்து வந்தார். அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அதில் முதல் பெயர் வரவில்லை. வெளிச்சம் அந்தப் பக்கம் சரியில்லை என்றார்.

நான் இதை எழுதுவது 2008இல். மேற்படிப்பு முடித்து, ஒஸ்லோவிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்கான பாதை மறுபடி மூடிவிட்டது. மண்டபம் எப்படி இருக்கிறது என்று சரியான தகவல் இல்லை. கனகாம்பிகை அக்கா ஐந்தாவது ஆண்டாக ஒன்றியத்தின் தலைவர். ராகவி துரொண்ட்ஹெய்மில் படிக்கிறாள். இந்திரகுமார் அண்ணை அதே ஸ்ட்ரோம்மன் வீட்டில் இருக்கிறார், அதே பேருந்துத் தடத்தில் ஓடுகிறார், ஒன்றியத்தில் சாதாரண உறுப்பினர். வீட்டில் இப்போது கணினி இரண்டு.